தடத்தின் நீளமும் படத்தின் நீளமும்

மராத்தான் ஓட்டத்தின் நீளம் 42.195 கி.மீ. இதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆயினும், எந்த நகரத்து மராத்தானின் எண்ணியல் தடப்படத்தையேனும் கணினியில் திறந்து, வரையப்பட்டிருக்கும் கோட்டின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். ஒரு மென்பொருள் 42.05 என்னும், மற்றொன்று 42.4 என்னும், ஓடி முடித்தவரின் கைக்கடிகாரமோ 42.7 என்று காட்டும். சாலை ஒன்று, தொடக்கம் ஒன்று, முடிவும் ஒன்று; நீளம் மட்டும் பலவாகிறது. இதைக் கண்ட ஓட்டக்காரர் சிலர் தடம் பிழையென்று அமைப்பாளரைக் கடிந்துகொள்கின்றனர். அமைப்பாளர் சிலர் படம் காட்டும் எண்ணை நம்பித் தடத்தையே மாற்றி வகுக்கின்றனர். இரண்டும் பிழை, பின்னது பெரும்பிழை. தடத்தின் நீளத்தைச் சாலையில் அளந்து படத்தில் ஏற்ற வேண்டுமேயன்றி, படத்தில் அளந்து சாலையில் இறக்கலாகாது.

42.195 என்னும் எண் பிறந்த ஊர் இலண்டன். 1896இல் ஏதென்சு நகரில் நடந்த முதல் ஒலிம்பிக் மராத்தான் ஏறத்தாழ 40 கி.மீ. நீளமே கொண்டிருந்தது. 1908இல் இலண்டன் ஒலிம்பிக்கில், விண்ட்சர் கோட்டையில் தொடங்கி ஒயிட் சிட்டி அரங்கில் அரச குடும்பத்தார் அமர்ந்த மாடத்தின் முன்னே முடியுமாறு ஓட்டத்தை வகுத்தனர். அது 26 மைல் 385 கெசம். 1921இல் பன்னாட்டுத் தடகளக் கூட்டமைப்பு இதனையே நிலையான நீளமாக ஏற்றுக்கொண்டது. மீட்டரில் கணக்கிட்டால் 42,194.988 வரும், எஞ்சிய 1.2 செ.மீ. முழுமையாக்கத்தில் சேர்ந்தது. எண் நிலைபெற்றுவிட்டது. அதைச் சாலையில் நிறுத்திக் காட்டும் வழி நிலைபெற மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

மகிழுந்தின் தொலைவுமானியும், கையால் தள்ளும் அளவைச் சக்கரமும் நூற்றுக்கணக்கான மீட்டர் பிழைக்கு இடந்தருவன. 1961இல் பிரித்தானியச் சாலை ஓட்டர் கழகத்தைச் சேர்ந்த ஜான் ஜூவல், மிதிவண்டிச் சக்கரத்தின் சுழற்சியை எண்ணி அளக்கும் முறையை ஆராய்ந்து எழுதினார். 1952 எல்சிங்கி ஒலிம்பிக்கில் மராத்தான் ஓடிய டெட் கார்பிட், 1964இல் வெளியிட்ட தம் நூல்வழி அம்முறையை அமெரிக்காவில் வேரூன்றச் செய்தார். 1971இல் ஆலன் ஜோன்ஸ் என்பவர் முன்சக்கரத்தின் அச்சில் பொருத்தத்தக்க சிறிய எண்ணிக் கருவியொன்றை வடிவமைத்தார். சக்கரம் ஒருமுறை சுழன்றால் இன்றைய ஜோன்ஸ் எண்ணியில் ஏறத்தாழ 23.6 எண்கள் நகரும். சக்கரச் சுற்றளவு 2.1 மீட்டர் எனில், ஓர் எண்ணுக்கு ஏறத்தாழ 9 செ.மீ. நாற்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நெடுஞ்சாலையைச் சாண் அளவில் எண்ணத்தக்க கருவி இது; மின்கலமும் வேண்டாம், வானத்துக் குறிப்பலையும் வேண்டாம்.

ஆனால் சக்கரத்தின் சுற்றளவு நிலையானதன்று. வெயில் ஏறினால் வளித்தூம்பில் அடைபட்ட காற்று விரியும், சுற்றளவு கூடும், அதே தொலைவுக்கு எண்ணிக்கை குறையும். ஆகவே குறைந்தது 300 மீட்டர் நீளமுள்ள நேரான சாலைத் துண்டு ஒன்றை எஃகு நாடாவால் அளந்து, அதன்மேல் மிதிவண்டியை அளவுக்கு முன் நான்கு முறையும் பின் நான்கு முறையும் ஓட்டி, மீட்டருக்கு எத்தனை எண் என்று காண்பர். எஃகு நாடாவுக்கும் வெப்பக் கணக்கு உண்டு. 20 பாகை வெப்பத்தில் சரியாக இருக்கும் நாடா, 35 பாகையில் தன் நீளத்தில் பத்தாயிரத்தில் 1.74 பங்கு நீளும். இதைத் திருத்தாமல் விட்டால் மராத்தான் தடம் 7 மீட்டருக்கு மேல் கூடிப்போகும்.

எடுத்துக்காட்டாக, 300 மீட்டருக்கு 3,360 எண் வந்ததாகக் கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்கு 11,200 எண். அளவையர் இதனை அப்படியே கையாள்வதில்லை, 1.001 என்னும் காரணியால் பெருக்கி 11,211.2 ஆக்கிக்கொள்வர். ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதல். மராத்தான் முழுமைக்கும் இது 42 மீட்டர். தடம் எக்காரணத்தாலும் குறைந்துவிடலாகாது என்பதற்கான காப்பு இது. முறைப்படி அளக்கப்பட்ட மராத்தானில் ஓடுவோர் அனைவரும் இந்தச் சிறு கூடுதலைச் சேர்த்தே ஓடுகின்றனர் என்பது பலரும் அறியாத செய்தி.

குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு சான்று கூறும். 1981 நியூயார்க் மராத்தானில் ஆல்பர்ட்டோ சலசார் 2 மணி 8 நிமிடம் 13 நொடியில் ஓடி உலகிலேயே விரைவான ஓட்டத்தை நிகழ்த்தினார் என்று உலகம் கொண்டாடியது. பின்னர் அத்தடத்தை மீண்டும் அளந்தபோது ஏறத்தாழ 150 மீட்டர் குறைவெனத் தெரிந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் மராத்தான் தடம் 2013 முதல் 2015 வரை 380 மீட்டர் குறைவாக இருந்தது 2016இல் வெளிப்பட்டது. ஏறத்தாழ 24,000 பேரின் ஓட்ட நேரங்கள் செல்லாதனவாயின. மாதக்கணக்கில் உடலை வருத்திப் பயின்றவர்கள், தம்மீது எப்பிழையும் இல்லாமலே, தாம் பெற்றதை இழந்தனர். தடமளத்தலைச் சிறுவேலை என்று எண்ணுவோர் இந்த 24,000 பேரையும் நினைத்துப் பார்ப்பது நன்று.

மிதிவண்டி எவ்வழி செல்ல வேண்டும் என்பதே அடுத்த வினா. ஓடுவோருக்குத் திறந்துவிடப்பட்ட சாலைப் பரப்பில், தொடக்கம் முதல் முடிவு வரை கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டினால் அது எவ்வழி படியுமோ அவ்வழி. வளைவுகளில் உள்விளிம்புக் கல்லிலிருந்து 30 செ.மீ. தள்ளியும், ஒரு வளைவிலிருந்து எதிர்வளைவுக்குச் சாலையைக் குறுக்கே வெட்டியும் அது செல்லும். இதுவே மீச்சிறு வழி. இலண்டன், பெர்லின் மராத்தான்களில் சாலைமேல் தீட்டப்படும் நீலக்கோடு இவ்வழியைக் காட்டுவதே. ஒரு செங்கோணத் திருப்பத்தில் இவ்வழியிலிருந்து ஒரு மீட்டர் வெளியே தள்ளிச் சுற்றுபவர் 1.57 மீட்டர் கூடுதலாக ஓடுகிறார். ஐந்து மீட்டர் தள்ளிச் சென்றால் ஏறத்தாழ 8 மீட்டர். கூட்டத்தின் நடுவே ஓடும் எளிய ஓட்டக்காரருக்கு உள்விளிம்பு கிட்டுவதில்லை. அவர் கடிகாரம் கூடுதல் தொலைவு காட்டுவதில் ஒரு பகுதி கடிகாரத்தின் பிழையன்று. அவர் உண்மையாகவே அவ்வளவு ஓடியிருக்கிறார்.

இனிப் படத்துக்கு வருவோம். ஒரு தடப்படத்தின் உயிர் எளிய கோப்பு ஒன்றில் உறைகிறது. 2002இல் உருவான ஜி.பி.எக்ஸ். அமைப்பே இன்று பெரிதும் வழங்குவது. அதில் இருப்பன புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அகலாங்கு, ஒரு நெட்டாங்கு, வேண்டுமாயின் ஓர் உயரம். புள்ளிகளை வரிசையாக இணைத்தால் கோடு. தடத்தின் மொத்த நீளம் இக்கோடு தானே ஏந்தி வருவதன்று. அதைத் திறக்கும் ஒவ்வொரு மென்பொருளும் தன் கணக்கின்படி புதிதாகக் கூட்டிச் சொல்கிறது. எண்கள் பலவாவதற்கு முதற்காரணம் இதுவே.

அப்புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும், திரையில் சாலைகளைச் சுட்டிச் சுட்டி வரைவதால் வருகின்றன. 2004இல் பிரித்தானியாவில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த நிலப்படத்தில், உலகெங்கும் தன்னார்வலர் வரைந்த சாலைக்கோடுகள் உள்ளன. இருமுனைகளைச் சுட்டினால் இடைப்பட்ட சாலை தானே கோட்டில் ஒட்டிக்கொள்ளும். வேலை எளிது, ஆனால் இவ்வெளிமையில் பிழைகள் ஒளிந்துள்ளன. ஒருவழிச் சாலையில் பந்தயம் எதிர்த்திசையில் செல்லக்கூடும். மென்பொருளோ வண்டிகளுக்குரிய விதியைப் பின்பற்றிச் சுற்றுவழியில் இழுத்துச் செல்லும். மேம்பாலத்தில் ஒட்ட வேண்டிய கோடு அதன் கீழ்ச்சாலையில் ஒட்டிவிடும். வரைபவர் ஒவ்வொரு திருப்பத்தையும் பெரிதாக்கிப் பார்த்துச் சரிசெய்தாலன்றிக் கோடு பந்தயத்தின் கோடாகாது.

அதனினும் ஆழமான இடர் ஒன்றுண்டு. அந்நிலப்படத்தில் சாலை என்பது அகலமற்ற நடுக்கோடு. ஓட்டமோ விளிம்பிலிருந்து விளிம்புக்கு வெட்டிச் செல்வது. வளைவு மிக்க அகலச் சாலையில் நடுக்கோடு மீச்சிறு வழியைவிட நீண்டிருக்கும். ஆகவே நடுக்கோட்டை அளந்து 42.195 வரும்வரை தடத்தை நீட்டி, அங்கே முடிவுக்கோடு இட்டால், சாலையில் தடம் குறைந்துபோகும். படத்தில் சரி, சாலையில் குறை. அமைப்பாளருக்கு நேரும் இக்கட்டுகளில் கொடியது இதுதான். பிழையை அவருக்கு உணர்த்தும் அறிகுறி படத்தில் எங்கும் தென்படாது.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. வளைவான சாலையைச் சில புள்ளிகளால் குறித்து நேர்கோடுகளால் இணைக்கும்போது, வில்லின் இடத்தை நாண் பிடித்துக்கொள்கிறது, நீளம் குறைகிறது. கோப்பின் பருமனைக் குறைக்கப் புள்ளிகளைக் களையும் முறைகளும் இவ்வாறே செய்கின்றன. டக்ளஸ், பாய்க்கர் ஆகிய இருவர் 1973இல் வெளியிட்ட முறையே இன்றும் பெருவழக்கு. நேர்கோட்டிலிருந்து குறிப்பிட்ட அளவுக்குமேல் விலகாத புள்ளிகளை அது நீக்கிவிடும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, கூட்டுத்தொகைக்குத் தெரியும். நடுக்கோடு நீட்டுகிறது, நாண் குறைக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும் என்று நம்புவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

புள்ளிகள் செம்மையாக அமைந்தாலும், இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தொலைவைக் கணக்கிடும் வழியில் நிலவுலகின் வடிவமே குறுக்கிடுகிறது. நிலவுலகு சரியான உருண்டையன்று. துருவங்களில் சற்றே தட்டையான கோளம். நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378.137 கி.மீ.; துருவத்தில் ஏறத்தாழ 21 கி.மீ. குறைவு. பல எளிய மென்பொருள்கள் 6,371 கி.மீ. ஆரமுள்ள முழு உருண்டையாகவே அதைக் கொள்கின்றன. சென்னை அமைந்துள்ள 13 பாகை அகலாங்கில் இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அங்கே வடக்கு தெற்குத் திசையில் நிலவளைவின் ஆரம் ஏறத்தாழ 6,339 கி.மீ. மட்டுமே. எனவே கடற்கரையை ஒட்டி வடக்கிலிருந்து தெற்காகச் செல்லும் மராத்தான் தடம் ஒன்றை உருண்டைக் கணக்கில் கூட்டினால், ஏறத்தாழ 215 மீட்டர் கூடுதலாகக் காட்டும். அளவையர் சேர்க்கும் 42 மீட்டர்க் காப்பைப்போல் ஐந்து மடங்கு! கிழக்கு மேற்காகச் சென்றால் பிழை எதிர்த்திசையில் திரும்பி, 50 மீட்டருக்குச் சற்று மேல் குறைத்துக் காட்டும். இத்தட்டைமையைக் கணக்கில் கொண்டு 1975இல் வின்சென்ட்டி தந்த வாய்பாடுகளைக் கையாளும் மென்பொருளில் இப்பிழை எழாது.

இவ்விடத்தில் நில அளவையர் வில்லியம் லாம்டனை நினைக்காமல் கடக்க இயலவில்லை. நிலவுலகு எவ்வளவு தட்டையானது என்று அறியும் அவாவோடு, 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே, 100 அடி எஃகுச் சங்கிலியால் அவர் அடிக்கோடு ஒன்றை அளந்தார். ஏழரை மைல் நீளம். சங்கிலி வெயிலில் நீளுமென்று அறிந்து, அதை நிழலில் கிடத்தி, வெப்பமானியை உடன்வைத்து, ஒவ்வொரு கிடப்புக்கும் திருத்தம் கண்டார். எஃகின் வெப்பநீட்சி, நிலவுலகின் தட்டைமை ஆகிய இரண்டும் இன்றைய தடமளப்போரையும் படம் வரைவோரையும் வாட்டுவன. இரண்டையும் ஒருசேரப் பொருட்படுத்தி அளந்த மண் சென்னை மண். அந்நகரின் ஓட்ட அமைப்பாளர்கள் இவ்வரலாற்றை அறிந்திருந்தால் எஃகு நாடாவைக் கையிலெடுக்கும்போது பெருமிதம் கொள்ளலாம்.

கோளப் பரப்பைத் தட்டைத் திரையில் விரிப்பதிலும் பிழை பிறக்கும். இணைய நிலப்படங்கள் பெரும்பாலும் மெர்காட்டர் வீழல் முறையைப் பின்பற்றுகின்றன. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக அதில் யாவும் பெரிதாகும். திரைத்தளத்து அளவுகளைக் கொண்டே நீளத்தைக் கூட்டினால், இலண்டன் மராத்தான் ஏறத்தாழ 67.8 கி.மீ. ஆகிவிடும். இது கண்டவுடன் நகைக்கத்தக்க எண், ஆகவே தீங்கில்லை. சென்னையிலோ 43.3 கி.மீ. வரும். வளைவுகளில் சுற்றியிருப்பார்கள், கடிகாரம் மிகைத்திருக்கும் என்று அதற்குக் காரணம் கற்பித்து ஏற்றுக்கொள்ள மனம் இடந்தரும். சிறுபிழையே பெரும்பிழையினும் அஞ்சத்தக்கது. ஜியோஜேசன் என்னும் கோப்பமைப்பில் நெட்டாங்கு முன்னும் அகலாங்கு பின்னும் எழுதப்பட வேண்டும்; பலர் மாற்றி எழுதிவிடுகின்றனர். அவ்வாறு மாறினால் சென்னையின் தடம் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் விழும். உடனே தெரிந்துவிடுவதால் உடனே திருத்தவும் படுகிறது.

திரையில் வரையாமல், புவியிடங்காட்டியைக் கையில் கட்டித் தடத்தின்மேல் ஓடியோ வண்டியிலோ சென்று பதிந்துகொள்வது இன்னொரு வழி. ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் குறிப்பலைகள் வந்துசேரும் நேரத்தை அது கணக்கிடுகிறது. நூறு கோடியில் ஒரு பங்கு நொடி பிசகினால் தொலைவு 30 செ.மீ. பிசகும். 2000ஆம் ஆண்டு மே மாதத்தில், பொதுமக்கள் பெறும் அலைகளில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியதற்குப் பின்னரே இக்கருவிகள் சாலை ஓட்டத்துக்குப் பயன்படும் தகுதி பெற்றன. இன்றும், திறந்த வானத்தின்கீழ்த் திறன்பேசியின் துல்லியம் ஏறத்தாழ 5 மீட்டர்.

உயர்ந்த கட்டடங்களின் நடுவே இது மிகவும் சீர்கெடும். இலண்டன் மராத்தான் தடத்தில் கேனரி வார்ஃப் பகுதி இதற்குப் பெயர்போனது. 235 மீட்டர் உயரக் கோபுரத்தோடு கண்ணாடிச் சுவர்கள் சூழ்ந்து நிற்க, அலைகள் சுவரில் தெறித்துச் சுற்றுவழியில் வந்து சேர்கின்றன. ஓட்டக்காரர் சாலையில் சீராகச் செல்ல, பதிவான கோடோ கட்டடங்களை ஊடுருவியும் நீர்நிலைகளைத் தாண்டியும் துள்ளுகிறது.

ஒரு நுட்பத்தை இங்கே விளக்க வேண்டும். பிழைகள் இருபுறமும் சமமாக விழுமாயின் கூட்டுத்தொகையில் அவை ஒன்றையொன்று அழித்துவிடும் அன்றோ என்று கேட்கலாம். அழிப்பதில்லை. மூன்று மீட்டர் இடைவெளியில் நேர்கோட்டில் புள்ளிகள் அமைந்திருப்பதாகக் கொள்க. ஒவ்வொன்றும் இடமாகவோ வலமாகவோ ஒரு மீட்டர் அளவில் தாறுமாறாக விலகினால் கோடு வளைந்து வளைந்து செல்லும். எப்பக்கம் விலகினாலும் நீளம் கூடவே செய்யும், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. நல்லவேளையாக, அடுத்தடுத்த நொடிகளின் பிழைகள் பெரிதும் ஒரே திசையில் அமைவதால் உண்மையில் கூடுவது இதனினும் மிகக் குறைவே. எனினும், விலகல் சராசரியில் நீளத்தைப் பெருக்குகிறது என்பதைப் பீட்டர் ரானாகரும் உடனாய்வாளரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில் கணித முறையில் நிறுவியுள்ளனர்.

அப்படியானால் படம் எதற்கு என்று எவரேனும் கேட்டால், அது வேண்டுவது இடத்தைக் காட்டுதற்கு என்பேன். இடமும் நீளமும் வெவ்வேறு அறிவுகள். ஐந்து மீட்டர் பிழையுள்ள கோடு நீளத்துக்கு உதவாது. தண்ணீர்ப் பந்தல் எந்தத் தெருமுனையில் என்று காட்ட அதுவே போதும். ஆகையால் செய்யத்தக்கது இது. மிதிவண்டி அளவையர் ஒவ்வொரு கிலோமீட்டர்க் குறியையும் சாலையில் ஆணி அடித்தோ வண்ணம் தீட்டியோ பதிக்கிறார். விளக்குக் கம்பம், பாலத்தின் முனை, கட்டட மூலை முதலிய அசையாப் பொருள்களிலிருந்து நாடாவால் அதன் தொலைவை அளந்து எழுதுகிறார். படம் வரைபவர் இக்குறிகளை ஒவ்வொன்றாகக் கோட்டின்மேல் ஏற்றி, அவ்விடத்துப் புள்ளிக்கு அளந்த தொலைவையே ஒரு பண்பாகச் சேர்த்துவிட வேண்டும். 17ஆவது குறிக்கும் 18ஆவது குறிக்கும் இடையே கோட்டின் கணக்கு 1,013 மீட்டர் என்று வந்தாலும், அங்கே இருப்பது 1,000 மீட்டர்தான். இடைப்பட்ட புள்ளிகளுக்கு அந்த 1,000 மீட்டரை விகிதப்படி பகிர்ந்தளிக்கலாம். இப்படிச் செய்த படத்தில் எவ்விடத்தைச் சுட்டினாலும் வருவது சக்கரத்தின் அளவு, கோட்டின் அளவன்று. பெரிய நிலப்பட மென்பொருள்கள் பல இவ்வசதியைத் தருகின்றன. பயன்படுத்துவோர் மிகச் சிலரே என்பது வருந்தத்தக்கது.

இதன் பயன் ஏட்டளவில் நிற்பதன்று. சென்று திரும்பும் தடத்தில் ஒரே சாலை இருமுறை வரும். போகும்போது 12.3 கி.மீ. ஆன இடமே வரும்போது 29.9 ஆகலாம். ஒருவர் மயங்கி விழுந்தார். தன்னார்வலர் தொலைபேசியில் கிலோமீட்டரைச் சொல்கிறார். மருத்துவ ஊர்தி எப்பக்கம் செல்வது? அளந்த எண்ணை ஏந்திய படத்தில் இரு எண்களும் ஒரே இடத்தில் தெரியும், குழப்பம் நீங்கும். இதற்காகவே செல்லும் கோட்டையும் திரும்பும் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று கிடத்தாமல், சற்றே விலக்கி, திசையம்புகளோடு வரைய வேண்டும். இரண்டையும் சிவப்பாலும் பச்சையாலும் வேறுபடுத்தலாகாது. ஆண்களில் கணிசமானோருக்கு அவ்விரு நிறங்களும் ஒன்றாகவே தோன்றும். நீலமும் செம்மஞ்சளும் நன்று.

திரும்பு முனைக்குத் தனிக்கவனம் வேண்டும். அது பத்து மீட்டர் பிசகினால் தடம் இருபது மீட்டர் பிசகும். 2015 பாங்காக் மராத்தானின் அரைத்தூர ஓட்டத்தில் திரும்பும் இடம் தவறியதால், 21 கி.மீ. ஓட வந்தோர் ஏறத்தாழ 27 கி.மீ. ஓடினர். படத்தில் திரும்பு முனையை வெறும் கோட்டு வளைவாக விடாமல், பெயரும் அடையாளமும் உள்ள தனிப்புள்ளியாகக் குறித்து, அங்கே கூம்பு வைக்கும் தொண்டரின் கைக்கு அப்புள்ளியின் விளக்கத்தைத் தந்துவிட வேண்டும்.

உயரக் குறுக்குப்படத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இதற்குரிய உயர அளவுகளில் பல, 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் 11 நாள்கள் கதிரலைவழி எடுத்த நிலவுயரப் பதிவிலிருந்து வருவன. 30 மீட்டருக்கு ஓர் உயரம். அது பாலத்தின் தளத்தைப் பிரித்துக் காண்பதில்லை. ஆதலால் பாலத்தைக் கடக்கும் தடம் குறுக்குப்படத்தில் ஆற்றுக்குள் இறங்கி ஏறும். இலண்டன் டவர் பாலத்தை அவ்வாறு வரைந்தால் ஓடுவோர் தேம்சு ஆற்றில் மூழ்கி எழுவதாகப் பொருள்படும். மேலும், ஒவ்வோர் உயரத்திலும் ஒரு மீட்டர் பிழை இருந்தால், முழுச் சமதள மராத்தானும் பல நூறு மீட்டர் ஏறியதாகக் கூட்டுத்தொகை சொல்லும். பாலங்களைக் கையால் திருத்தி, சிறு நடுக்கங்களைச் சமன்செய்த பின்னரே மொத்த ஏற்றத்தை வெளியிடல் தகும்.

ஆனால் இரு வினாக்களுக்குப் படமே தகுந்த விடையளிக்கும். உலகச் சாதனைக்குரிய தடத்தில், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட நேர்த்தொலைவு ஓட்டத் தொலைவில் பாதிக்கு மேற்படலாகாது. மொத்த இறக்கம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேற்படலாகாது. பின்காற்றும் பள்ளமும் தரும் உதவியை இவ்விதிகள் தடுக்கின்றன. இங்கே ஐந்து மீட்டர் பிழை பொருட்டன்று. பாஸ்டன் மராத்தான் ஹாப்கின்டனில் தொடங்கி பாயில்ஸ்டன் தெருவில் முடியும். இறக்கம் ஏறத்தாழ 140 மீட்டர். நேர்த்தொலைவு ஓட்டத் தொலைவில் 90 விழுக்காட்டை எட்டுவது. 2011இல் அங்கே ஜெஃப்ரி முத்தாய் 2 மணி 3 நிமிடம் 2 நொடியில் ஓடினார். அதுவரை எவரும் ஓடியிராத விரைவு அது. சாதனையாக அது ஏற்கப்படவில்லை. தடப்படத்தை ஒருமுறை நோக்கினால் காரணம் விளங்கிவிடும்.

பந்தய நாளில் தடப்படம் உயிர்பெற்று, ஓட்டக்காரரைக் குறிக்கும் புள்ளிகள் அதன்மேல் நகர்கின்றன. இப்புள்ளிகள் பெரும்பாலும் உண்மையான இடங்கள் அல்ல. சாலையில் ஐந்தைந்து கிலோமீட்டருக்கு ஒன்றாக விரித்த உணர்பாய்களை ஓட்டக்காரர் மிதிக்கும்போது மட்டுமே அவர் இடம் உறுதியாகிறது. இடைவெளியில் முந்தைய விரைவைக் கொண்டு கணினி ஊகிக்கிறது. அவர் வலியால் அமர்ந்துவிட்டாலும் புள்ளி ஓடிக்கொண்டேயிருக்கும். வீட்டில் திரையை நோக்கிக் காத்திருப்போருக்கு இவ்வேறுபாடு தெரிய வேண்டும். இறுதியாக மிதித்த பாயையும் நேரத்தையும் அழுத்தமான நிறத்திலும், ஊகப் புள்ளியை வெளிறிய நிறத்திலும் காட்டுவது எளிய செயல். அதைச் செய்யாமல் விடுவதற்கு ஏற்ற காரணம் எனக்குத் தென்படவில்லை.

தடத்தின் அளவைச் சான்று ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். ஆனால் சாலை ஐந்தாண்டு அசையாமல் கிடப்பதில்லை. நடைபாதையை அகலப்படுத்துவர், வட்டச் சந்தியைக் குறுக்குவர், பெருந்தெருவின் நடுவே தொடர்வண்டிப் பணிக்கு வேலி கட்டுவர். ஒவ்வொரு மாற்றமும் மீச்சிறு வழியை நகர்த்தும். அப்பகுதியை மீண்டும் சக்கரத்தால் அளந்து, குறிகளை நகர்த்திய பின்னரே படத்தின் கோட்டில் கைவைக்க வேண்டும். அளந்த நாளையும் வரைந்த நாளையும் படத்தின் ஓரத்தில் தனித்தனியே பொறிப்பது நல்வழக்கு. அவ்விரு நாள்களுக்கு இடையே சாலைப்பணி ஏதும் நடந்திருந்தால், அடுத்த பந்தயத்துக்கு முன் மிதிவண்டியை மீண்டும் எடுக்க வேண்டிய பகுதி எதுவென்று அதைக் கண்டே அறிந்துகொள்ளலாம்.